‘இ’ என்று சொன்னால் போதுமா? மின்பணியாளர் உரிமத் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மின்பணியாளர் உரிமத் தேர்வை நடத்தும் குழுவினருக்கும், அந்தத் தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் தயாரித்துத் தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் உரிமம் பெற்ற மின்பணியாளன். இருபது வருடங்களுக்கும் மேலாக ஒயரிங், பேனல், மோட்டார் வேலைகள் செய்துவருகிறேன். வேலை முடிந்த பிறகு, உரிமத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் சிலர் என்னோடு வந்து உட்காருவார்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தேர்வுகளை நானும் கூடவே போட்டுப் பார்ப்பேன். அப்படிப் போட்டுப் போட்டு, பல வருடங்களாக மனதில் சேர்ந்து கிடப்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

சமீபத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தம்பி நோட்டை நீட்டினான். ஒரே மாதிரித் தேர்வை நான்கு தடவை எழுதியிருக்கிறான். ஐம்பதுக்கு 31, அடுத்து 38, அப்புறம் 44, கடைசியாக 48. முகமெல்லாம் சந்தோஷம். “அண்ணா, அடுத்த வாரமே பணம் கட்டிடட்டுமா?” என்று கேட்டான். நான் அவன் நோட்டிலிருந்தே ஒரு கேள்வியைப் படித்தேன். ஸ்டார் இணைப்பில் (மூன்று காயிலையும் ஒய் வடிவில் சேர்ப்பது) லைன் வோல்டேஜ், அதாவது இரண்டு லைனுக்கு நடுவில் இருப்பது, 400 வோல்ட் என்றால் ஃபேஸ் வோல்டேஜ், அதாவது ஒரு காயிலில் இருப்பது, எவ்வளவு? முழுதும் படித்து முடிக்கவில்லை, “இ, அண்ணா. 231” என்றான். சரியான விடை. 400ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732ஆல் வகுத்தால் 231 வருகிறது. பென்சிலை எடுத்து ‘ஸ்டார்’ என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ‘டெல்டா’ என்று எழுதினேன். “இப்ப?” யோசிக்கவே இல்லை. “அதுவும் இ தான் அண்ணா.”

டெல்டா என்றால் முக்கோண இணைப்பு. காகிதத்தின் ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று மூலைகளிலும் மூன்று லைனை இழுத்துவிட்டேன். “காயில் எங்க இருக்கு, விரலை வை” என்றேன். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். விரல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டு லைனுக்கு நடுவுல நேரா உக்காந்திருக்கு. அப்ப இதுல 400 தானே?” என்றான். அதன் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அவனே நோட்டை முதலிலிருந்து புரட்டினான். எழுத்து ஞாபகத்தில் போட்ட விடைகளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது 48 என்பது 29 ஆகியிருந்தது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வைத்திருந்த புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். “17. இ. 18. அ. 19. ஈ.” இப்படி ஐம்பது வரி. ஏன் ‘இ’ என்று ஒரு சொல் இல்லை. ‘அ’வைப் போட்டவன் எங்கே வழுக்கினான் என்றும் இல்லை. கொடுத்ததைத்தான் அவன் மனப்பாடம் செய்தான். எழுத்தைக் கொடுத்தால் எழுத்தைத்தானே செய்வான்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. முதல் தடவை எழுதியபோது நான் தேறவில்லை. முடிவு வந்த தாளில் தேர்ச்சி பெறவில்லை என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு வாங்கினேன், எதில் போனது, ஒன்றுமே இல்லை. கேட்டுப் பார்த்தேன், அதெல்லாம் தருவதில்லை என்றார்கள். சரி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். எர்த்திங் எனக்கு ஏற்கெனவே தெரியும், மறுபடியும் படித்தேன். பாதுகாப்பு விதிகள் தெரியும், அதையும் படித்தேன். பல மாதங்கள் இப்படித் தெரிந்ததையே படித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு, கூட வேலை பார்த்த ஒரு மூத்தவர் ஒருநாள் மதியம் உட்காரவைத்து நாலு கணக்குக் கொடுத்தார். மூன்றாவது கணக்கில் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வோல்டேஜ் டிராப் கணக்கில், அதாவது கேபிளில் எத்தனை வோல்ட் குறைகிறது என்ற கணக்கில், கேபிளின் நீளத்தை ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். “கரண்டு போனா போதுமா, திரும்பி வர வேண்டாமா?” என்று கேட்டார். அவ்வளவுதான் சிக்கல். அந்த மாதிரி கணக்கு எது வந்தாலும் நான் ஒரே இடத்தில்தான் தவறிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியை என் முடிவுத்தாள் சொல்லியிருந்தால் எனக்கு அத்தனை மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நான் கேட்கப்போவது முழுவதும் அதற்குள் இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், போர்டிலிருந்து லோடு வரை 30 மீட்டர், 16 ஆம்பியர் ஓடுகிறது. தாமிரத்தின் தன்தடை 20 டிகிரி செல்சியஸில் ஒரு மீட்டருக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0172 ஓம். போக 30, வர 30, ஆக 60 மீட்டர். 0.0172ஐ 60ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.41 ஓம். 16ஆல் பெருக்கினால் 6.6 வோல்ட். 230இல் அது கிட்டத்தட்ட 2.9 சதவீதம்.

இந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 6.6. இன்னொன்றாக 3.3 போட்டால், நான் செய்த அதே தவறைச் செய்கிறவன் நேராக அதில் வந்து விழுவான். 11.4 போட்டால், சிங்கிள் ஃபேஸ் கணக்கில் தேவையில்லாமல் 1.732ஐ நுழைக்கிறவன் அதைப் பிடிப்பான். 16.5 போட்டால், 2.5ஆல் வகுக்க மறந்தவன் மாட்டுவான். அப்படி அமைந்த கேள்வியில் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு நோயின் பெயர். நாடி பிடித்துப் பார்ப்பது போல, எதைத் தொட்டான் என்பதை வைத்தே அவனுக்கு எது புரியவில்லை என்று சொல்லிவிடலாம். அப்புறம் விளக்கத்தில் இரண்டு வரி போதும்: “3.3 என்று வந்திருந்தால் திரும்பும் கம்பியின் நீளத்தைச் சேர்க்கவில்லை. 11.4 என்றால் மூன்று ஃபேஸுக்கு உரிய 1.732ஐ இங்கே நுழைத்துவிட்டீர்கள்.” கூடவே, கேபிள் சூடானால் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும், அதனால் முழு லோடில் டிராப் இதைவிடக் கூடும் என்றும் ஒரு வரி சேர்த்தால், அவன் நாளை வேலையிடத்தில் கேபிள் எடுக்கும்போது நினைத்துக்கொள்வான்.

மோட்டார் கேள்வியும் இப்படித்தான். 7.5 கிலோவாட், 400 வோல்ட், மூன்று ஃபேஸ், பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 90 சதவீதம். லைன் கரண்ட் ஏறத்தாழ 14.2 ஆம்பியர். 24.5 என்று எடுத்தவன் 1.732ஐ விட்டுவிட்டான். 12.7 என்று எடுத்தவன் எஃபிஷியன்சியை விட்டுவிட்டான், அதாவது பெயர்ப்பலகையில் இருக்கும் கிலோவாட் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) கிடைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டுமே தவறான விடைதான். ஆனால் இரண்டு பேருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. விடைப்பட்டியலில் ‘ஆ’ என்று மட்டும் போட்டால், இருவரும் ‘ஆ’வைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு ஒரே மாதிரி எழுந்து போய்விடுவார்கள்.

மாதிரித் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, அதற்கு ஆதாரமும் உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். அதன் பிறகு ஒரு பகுதியை மறுபடி படிப்பது ஒரு முறை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது இன்னொரு முறை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்ததில் 42 சதவீதம்தான். உரிமத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. அதனால் இந்தக் கண்டுபிடிப்பு எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் அதே ரோடிகர், எலிசபெத் மார்ஷ் என்பவரோடு சேர்ந்து 2005இல் காட்டிய இன்னொரு விஷயத்தை வினாத்தாள் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், மாணவன் தொட்ட தவறான விடை அவன் மனதில் உண்மை போலப் பதிந்துவிடுகிறது. பிறகு வேறு விதமாகக் கேட்டாலும் அந்தத் தவறையே திருப்பிச் சொல்கிறான். 2008இல் ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும் அதற்கு மருந்தும் காட்டினார்கள்: விடையைச் சொன்ன பிறகு எது சரி என்று தெரிவித்துவிட்டால் அந்தக் கெடுதல் குறைகிறது, தேர்வின் நன்மையும் கூடுகிறது.

இது எங்கள் தொழிலில் சும்மா ஒரு மதிப்பெண் விஷயமில்லை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (கரண்டு கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) எதிலிருந்து காப்பாற்றும் என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். ‘ஓவர்லோடு’ என்றும் ஒரு விடை இருக்கும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும்தான் ஆர்சிடி பார்க்கிறது. லோடு எவ்வளவு ஏறினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், அதனால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதே காரணத்தால்தான், எர்த்தைத் தொடாமல் ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடித்தவனை அது காப்பாற்றாது. அவனும் அதன் கண்ணுக்கு ஒரு லோடுதான். இந்தக் காரணத்தை ஒரு தடவை விளக்கத்தில் படித்தவன், “ஆர்சிடி போட்டாச்சு, இனி பயமில்லை” என்று சொல்லமாட்டான். காரணம் இல்லாமல் ‘ஈ’ என்று மட்டும் பார்த்தவன் அப்படிச் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அடுத்து, விதிப்புத்தகத்தின் பதிப்பு. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. மாதிரி வினாத்தாள்கள் பலவற்றில், எந்த நாட்டு விதி, எந்த ஆண்டுப் பதிப்பு என்று எங்குமே எழுதியிருப்பதில்லை. “நியூட்ரல் கம்பி எந்த நிறம்?” என்று ஒரு கேள்வி. விதியின் பெயரும் ஆண்டும் இல்லாமல் இதற்கு விடையே கிடையாது. பிரிட்டனில் பழைய முறையில் நியூட்ரல் கறுப்பு, மூன்று ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். 2004இல் மாற்றம் வந்தது, 2006 முதல் புதிய வேலைகளுக்கெல்லாம் கட்டாயமானது. இப்போது ஃபேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம். கொஞ்சம் நின்று பாருங்கள்: நேற்று நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று ஃபேஸ். நேற்று ஃபேஸாக இருந்த நீலம் இன்று நியூட்ரல். பழையதும் புதியதும் ஒரே கட்டடத்தில் கலந்து இருந்தால் போர்டில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள், அவ்வளவு ஆபத்து. அமெரிக்க விதியில் நியூட்ரல் வெள்ளை அல்லது சாம்பல். அந்தச் சாம்பல் பிரிட்டனில் ஃபேஸ். இப்படியிருக்க, ஆண்டு போடாத ஒரு மாதிரித்தாளில் “கறுப்பு” என்று ஒரு பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டு போனால், அது மதிப்பெண் போகிற விஷயம் மட்டுமா?

நிறம் மட்டுமில்லை. அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு முதன்முதலில் 1897இல் வந்தது, இப்போது மூன்று வருடங்களுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. கசிவு கரண்டைப் பிடிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு அதில் குளியலறை பிளக்குகளுக்கு 1975இல் வந்தது, கார் ஷெட்டுக்கு 1978இல், சமையலறைக்கு 1987இல். அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதாவது ஒரு காலத்தில் “தேவையில்லை” என்பது சரியான விடை, இப்போது அதே விடை தவறு. கேள்வி ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய மாதிரித்தாளை அட்டை மட்டும் மாற்றி விற்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: பதிப்பின் ஆண்டை ஒவ்வொரு கேள்வியின் கீழும் போடுங்கள், விதி எண்ணையும் போடுங்கள். உங்கள் வேலை கொஞ்சம் கூடும், அது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை போய்ப் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடிப் படிப்பான். அந்தத் தேடலிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

புத்தகம் பார்த்து எழுத அனுமதிக்கும் தேர்வுகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே ஞாபகத்தைவிட, எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். கேபிள் கரண்ட் அட்டவணையைப் பிடித்து, சுற்றியுள்ள வெப்பத்துக்கு ஒரு திருத்தம், ஒரே குழாயில் பல கேபிள் போனால் இன்னொரு திருத்தம் என்று மூன்று பக்கம் தாண்ட வேண்டும். வீட்டில் புத்தகத்தைத் திறக்காமலேயே மாதிரித் தேர்வு எழுதிப் பழகியவன், தேர்வு அறையில் பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைத்துவிடுகிறான்.

கேள்வியின் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாதது அல்ல?” இப்படி ஒரு கேள்வியைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை என்னைப் பார்த்தான், நான் கேள்வியைப் பார்த்தேன். மின்சாரம் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டிய இடத்தில் வாக்கியம் புரிகிறதா என்று சோதிப்பதால் யாருக்கு என்ன லாபம்? அதேபோல, வேலையிடத்தில் எர்த், நியூட்ரல், பிரேக்கர் என்று சொல்லி வளர்ந்தவனுக்குத் தாளில் புவித்தொடுப்பு, நடுநிலைக் கம்பி, மின்சுற்று முறிப்பான் என்று வருகிறது. தமிழ்ச்சொல் வேண்டும், எனக்கும் அதில் ஆசை உண்டு. பக்கத்தில் புழங்கும் சொல்லையும் சேர்த்துப் போட்டுவிட்டால் இரண்டையும் அவன் கற்றுக்கொள்வான். மாதிரித் தேர்வில் ஒரு சொல், உண்மைத் தேர்வில் வேறு சொல் என்று இருந்தால்தான் தடுமாறுகிறான்.

தாளில் கேட்க முடியாத விஷயங்களும் உண்டு. ஒரு சர்க்யூட்டில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியதை எல்லோரும் சரியாக டிக் அடித்துவிடுகிறார்கள். ஆஃப் செய், பூட்டுப் போடு, சாவியைப் பையில் வை, எச்சரிக்கை அட்டை தொங்கவிடு, சப்ளை இல்லை என்று சோதித்து உறுதி செய். ஒருநாள் ஒரு பயிற்சிப் பலகை முன்னால் ஒரு பையனை நிறுத்தி, “செத்திருக்கா பாரு” என்றேன். டெஸ்டரை நேராக டெர்மினலில் வைத்தான். விளக்கு எரியவில்லை. “செத்திருக்கு அண்ணா” என்று கையை நீட்டினான். நான் அந்த டெஸ்டரை வாங்கி, சப்ளை இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்த பக்கத்து பாயின்டில் வைத்துக் காட்டினேன். அங்கேயும் எரியவில்லை. டெஸ்டர்தான் செத்திருந்தது. நானேதான் அதை அப்படிக் கொடுத்தேன், பலகையில் சப்ளை இல்லை என்பதையும் முன்பே உறுதி செய்திருந்தேன். அவன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

முதலில் தெரிந்த சப்ளையில் டெஸ்டரைச் சோதி, பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார், கடைசியில் டெஸ்டரை மறுபடி தெரிந்த சப்ளையில் சோதி. இந்த வரிசையில் ஒன்று போனாலும் உயிர் போகலாம். இதை நான்கு விடைகளில் ஒன்றாக வைப்பதைவிட, ஐந்து படிகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு படியை மட்டும் விட்டுவிட்டு, “இதில் என்ன குறைகிறது?” என்று கேளுங்கள். மாதிரித் தேர்விலேயே அப்படிக் கேட்டால், பிள்ளைகள் எழுத்தை மனப்பாடம் செய்ய முடியாது, வரிசையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். செய்முறைத் தேர்வு வைக்கும் குழுக்கள் இதைக் கையாலும் செய்து காட்டச் சொல்கின்றன, அது மிகவும் நல்லது. வைக்காத குழுக்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது தேர்வுக் குழுவினரிடம் நேராக ஒரு வேண்டுகோள். மாதிரித் தேர்வை நீங்களே வெளியிடுங்கள். வருடத்துக்கு ஒன்று போதும். கேள்விகள் வெளியே போய்விட்டால் கேள்வி வங்கி காலியாகிவிடும் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. பயன்படுத்தி முடித்து ஒதுக்கிவிட்ட கேள்விகளைத்தான் கேட்கிறேன். பழைய கேள்வியானாலும் உங்கள் கேள்வி என்றால் அதன் தரம், கடினம், மொழி எல்லாம் அசலைப் போலவே இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் விதி எண், பதிப்பின் ஆண்டு, சரியான விடைக்குக் காரணம், மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதற்கு ஆளுக்கொரு வரி. கணினி திருத்தும் தேர்வாக இருந்தால், எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். அதையும் போடுங்கள். “இந்தக் கேள்வியில் அதிகம் பேர் விழுந்தது இந்தக் குழியில்” என்று தெரிந்தால், சொல்லிக்கொடுக்கிறவர்கள் அந்த இடத்தில் நின்று சொல்லிக்கொடுப்போம்.

அப்புறம் முடிவுத்தாள். தேறாதவனுக்குப் பகுதி வாரியாக எவ்வளவு வாங்கினான் என்று எழுதிக் கொடுங்கள். கேள்வியை வெளியே சொல்ல வேண்டியதில்லை, விடையையும் காட்ட வேண்டியதில்லை. எர்த்திங்கில் இத்தனை, மோட்டாரில் இத்தனை, கணக்கில் இத்தனை, பாதுகாப்பில் இத்தனை, அவ்வளவு போதும். இப்படிக் கொடுக்கும் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எல்லோரும் கொடுக்கலாம்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முறையையும் இங்கே எழுதிவிடுகிறேன், மாதிரித்தாள் தயாரிப்பவர்களுக்கு அது பயன்படலாம். முதல் தடவை நேரம் வைத்து, யாரையும் கேட்காமல் எழுது. உறுதியில்லாமல் போட்ட விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு, அது சரியாக வந்தாலும் தவறுக் கணக்கில்தான் சேர்த்துக்கொள். தவறான ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறினாய் என்று உன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுது: விதி தெரியவில்லையா, சூத்திரம் மாறியதா, கேள்வியை அவசரமாகப் படித்தாயா. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அடுத்த நாளே அதே தாளைத் தொடாதே. புதிதாகக் கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எபிங்ஹாஸ் 1885இலேயே தன்மேல் சோதித்து எழுதிவிட்டார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பப் பார்த்தால்தான் நிற்கும். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் எண்களை மாற்றிப் போட்டுப் பார். 30 மீட்டரை 45 ஆக்கு, ஸ்டாரை டெல்டா ஆக்கு. விடை மாறுவது ஏன் என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லு. சொல்ல முடிந்தால் அடுத்த தாளுக்குப் போ.

இதை வினாத்தாள் தயாரிப்பவர்கள் தாளிலேயே அமைத்துத் தரலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எண்கள் மாறிய மூன்று வடிவம் வைத்தால், எழுத்தை மனப்பாடம் செய்யும் வழியே அடைபட்டுவிடும். கணினியில் தரும் தேர்வுகளில் இது இன்னும் சுலபம், விடைகளின் இடத்தைக்கூட ஒவ்வொரு தடவையும் கலைத்துவிடலாம். அப்படிச் செய்யும்போது மதிப்பெண்கள் முதலில் குறையும். உங்கள் தாளைப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் மனம் உடையலாம், ‘ஈஸியான’ தாளைத் தேடி வேறிடம் போகவும் போவார்கள். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும்படி உங்களைக் கேட்கிறேன். 29 என்று வந்த அந்தத் தம்பி அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது முகம் வாடித்தான் போனான். ஆனால் மறுநாள் வந்தபோது அவன் நோட்டில் முக்கோணமும் ஒய் வடிவமும் பக்கத்துக்குப் பக்கம் வரைந்திருந்தது.

பணம் கட்டுவதை அவன் இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறான். இதுவரை அவனும் மற்ற பிள்ளைகளும் நானும் சேர்ந்து நாற்பது கேள்விகளுக்கு விளக்கம் எழுதி முடித்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையின் காரணம், மூன்று தவறுகளின் காரணம், விதி எண், பதிப்பு எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் பிரதிதான். உங்களுக்கு வேண்டுமென்றால் அப்படியே தருகிறோம். எங்கள் பெயர் போட வேண்டாம், பணமும் வேண்டாம். தப்பு இருந்தால் திருத்தி வெளியிடுங்கள். திருத்திய இடத்தை மட்டும் எங்களுக்குக் காட்டினால், நாங்களும் கற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற ஒரு மின்பணியாளன்